கினோஸாகி: ஊரே ஒரு விடுதி

ஜப்பானின் பெருந்தீவாகிய ஹோன்ஷூவின் வடகடலோரத்தில், மருயாமா நதி சமுத்திரத்தை அடைவதற்குச் சற்று முன்பாக, மலைகளுக்கிடையே ஒடுங்கிய பள்ளத்தாக்கொன்றில் அமைந்திருக்கிறது கினோஸாகி என்னும் சிற்றூர். ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாக வெந்நீரூற்றை நாடி ஜனங்கள் வந்துகொண்டிருக்கும் இவ்வூருக்குக் கியோத்தோவிலிருந்து விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரப் பிரயாணம். பூமி ஈந்த ஒரு செல்வத்தை ஓர் ஊரார் எவ்விதம் பொதுவில் வைத்து அனுபவிக்கலாம் என்பதைக் கண்ணாரக் காண விரும்புகிறவர்களுக்கு, ஜப்பானில் இதைவிடச் சிறந்த இடத்தை என்னால் சொல்ல முடியவில்லை.

ரயில் நிலையமே வாசல், தெருக்களே நடைகூடங்கள், விடுதிகளே அறைகள், பொது ஸ்நான கட்டடங்களே குளியலறைகள். ஆகவே ஊர் முழுவதும் ஒரே விடுதி என்பது கினோஸாகி மக்கள் தங்கள் ஊரைப் பற்றிப் பெருமிதத்துடன் சொல்லும் வார்த்தை. வெறும் அலங்காரப் பேச்சன்று இது. விடுதியில் இறங்கியதும் யுகாதா என்ற பருத்தி அங்கியையும் கேதா என்ற மரப் பாதரட்சைகளையும் கொடுத்து, ஊரிலுள்ள ஸ்நான கட்டடங்களுக்குச் சென்றுவர அனுமதிச் சீட்டும் தந்து அனுப்பிவிடுகிறார்கள். மாலைப்பொழுதில் ஒதானி ஆற்றின் இரு கரையிலும், வில்லோ மரங்களின் கீழும் வளைந்த கல்பாலங்களின் மேலும், முதியவரும் குழந்தைகளும் ஒரே விதமான உடையில் மரப் பாதரட்சை ஒலிக்க உலாவுவதைக் காணும்போது, செல்வர் இன்னார், எளியவர் இன்னார் என்று பிரித்தறிவது கடினம்.

சம்பிரதாயமாக எண்ணப்படும் பொது ஸ்நான கட்டடங்கள் ஏழு. அவற்றுள் கோனோ-யு, காயம்பட்ட நாரையொன்று தன் காலை நனைத்துக் குணமடைந்த இடமென்றும், மந்தர-யு, தோச்சி என்ற பௌத்த பிக்ஷு ஆயிரம் நாள் பிரார்த்தித்ததன் பயனாக 720-ஆம் ஆண்டில் வெந்நீர் பொங்கிய இடமென்றும் ஐதிகம். குகை போன்ற பாறைக்குள் நீராட விரும்புவோர் இச்சினோ-யுவுக்கும், அரண்மனைச் சாயலில் கட்டிய மண்டபத்தை விரும்புவோர் கோஷோனோ-யுவுக்கும் போகலாம். எங்கே சென்றாலும், முதலில் புறத்தே அமர்ந்து சோப்பிட்டு உடலை நன்றாகக் கழுவிக்கொண்ட பின்பே தொட்டியில் இறங்க வேண்டும். கைத்துண்டு நீரில் படலாகாது. பலருக்கும் பொதுவான நீரை ஒருவரும் மாசுபடுத்தலாகாது என்ற எண்ணமே இந்த ஆசாரத்துக்கு அடிப்படை.

இந்தப் பொதுமை சுலபமாகக் கைகூடிய ஒன்றன்று. 1925 மே 23-ஆம் தேதி முற்பகலில் நேர்ந்த பூகம்பமும் அதைத் தொடர்ந்து மூண்ட தீயும் ஊரை ஏறக்குறைய முற்றிலும் அழித்துவிட்டன. சுற்றுவட்டாரத்தில் 400 பேருக்கு மேல் மாண்டார்கள். எஞ்சியவர்கள் தெருக்களை அகலப்படுத்தி, ஆற்றைச் சீர்செய்து, நிலநடுக்கத்தில் சரிந்த கெம்புதோ குகைப் பாறைகளைக் கரைக்கற்களாக அடுக்கி, மர விடுதிகளை மீண்டும் எழுப்பினார்கள். அந்தத் தருணத்தில், 1927-ல், விடுதி ஒன்று தன் கட்டடத்துக்குள்ளேயே வெந்நீர்க் குளியலறை அமைத்துக்கொள்ளவே, ஊரார் வெகுண்டார்கள். ஒவ்வொரு விடுதியும் இவ்வாறு செய்தால் தெருவில் நடமாட்டம் ஏது, கடைக்காரர் பிழைப்பது எப்படி, ஊற்றுநீர் வற்றிப்போனால் யாரைக் கேட்பது என்பன அவர்கள் கேள்விகள். நியாயஸ்தலம் வரை சென்ற அந்த வழக்கு, யுத்தத்தையும் கடந்து, 1950-ல்தான் சமரசத்தில் முடிந்தது: வெந்நீர் ஊருக்குப் பொதுச் சொத்து, விடுதிகளுக்குள் அளவில் சிறிய குளியலறைகள் இருக்கலாம், பொது ஸ்நான கட்டடங்களே பிரதானம். பின்னர் 1972-ல் பல ஊற்றுகளின் நீரையும் ஒன்றுசேர்த்துக் குழாய்கள் மூலம் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடும் வந்தது. கட்டடங்கள் வேறு வேறாயினும் நீர் ஒன்றே என்பதால், எந்த ஊற்று உயர்ந்தது என்ற வாதத்துக்கே இங்கு இடமில்லை. எனக்கு இவ்வூரில் மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

ஊர்க்கோடியில் தைஷி மலையிலுள்ள ஒன்ஸென்-ஜி ஆலயத்துக்குக் கம்பிவட வண்டியில் ஏறிச் செல்லலாம். அங்குள்ள மூலமூர்த்தி பதினோரு முகங்களையுடைய கன்னோன். தமிழின் பழைய இலக்கண நூலாகிய வீரசோழியம் போற்றும் அவலோகிதனே ஜப்பானில் அந்த நாமத்துடன் வழிபடப்படுகிறான். முற்காலத்தில் யாத்திரிகர்கள் முதலில் இங்கே வணங்கிய பிறகே நீராடச் சென்றார்கள். தோக்கியோவில் ரயிலில் அடிபட்டுத் தேக சிகிச்சைக்காக 1913-ல் இங்கு வந்து தங்கிய ஆசிரியர் ஷிகா நவோயா, மரணத்தின் அண்மையை இங்கே சிந்தித்து 1917-ல் வெளியிட்ட ‘கினோஸாகியில்’ என்ற சிறுகதை, நவீன ஜப்பானிய இலக்கியத்தில் மிகுந்த மதிப்புப் பெற்றது. அதை வாசித்துவிட்டு ஆற்றோரம் நடப்பது தனி அனுபவம்.

அருகிலுள்ள கெம்புதோவைக் காணாமல் திரும்பலாகாது. சுமார் 16 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஆறி இறுகியபோது வெடித்துப் பிளந்த கரும்பாறைகள் அங்கே அறுகோணத் தூண்களாக அடுக்கடுக்காய் நிற்கின்றன. 1926-ல் இப்பாறைகளின் காந்தத் தன்மையைச் சோதித்த மத்துயாமா மொத்தொனோரி என்ற விஞ்ஞானி, பூமியின் காந்த துருவங்கள் ஒரு காலத்தில் தலைகீழாக இருந்தன என்று 1929-ல் அறிவித்தார்.

கடைவீதியில் சாயமேற்றிய வைக்கோலை ஒட்டிச் செய்யும் பெட்டிகள் கண்ணைக் கவரும். சுமார் 300 ஆண்டுப் பழமையுள்ள கைத்தொழில் அது. பனிப்பொழிவைப் பொருட்படுத்தாதவர்கள், கடல் நண்டு கிடைக்கும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான காலத்தில் வரவேண்டும். மற்றவர்களுக்கு நெல்வயல்கள் பசுமையாக இருக்கும் பருவமே நல்லது. ஏனெனில், 1971-ல் ஜப்பானின் காடுகளிலும் வயல்களிலும் அடியோடு மறைந்துபோன பெருநாரைகளை, ரஷ்யாவிலிருந்து வரவழைத்த குஞ்சுகளைக் கொண்டு பெருக்கி, பூச்சிமருந்தைக் குறைத்துப் பயிரிடும் விவசாயிகளின் ஒத்துழைப்போடு 2005-ல் மீண்டும் வானில் பறக்கவிட்டது, கினோஸாகி அடங்கிய தொயோகா வட்டாரந்தான். அவை நீர் தேங்கிய வயல்களில் இரை தேடுவதை அப்போது சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம்.