ரேம் உண்டு; பயன் குறைவு – காரணம் யாது?

நான்கு ஜிகாபைட் ரேம் பொருத்தப்பட்ட கணினி ஒன்று, அதில் 3.25 ஜிகாபைட்டே பயன்படும் என்று திரையில் காட்டுவதுண்டு. எட்டு ஜிகாபைட் உள்ள கணினி அதில் பாதியைக்கூடக் காட்டாதிருப்பதும் உண்டு. இதனைக் காணும் ஆசிரியர், விற்றவர் ஏமாற்றிவிட்டாரோ என்று ஐயுறுகின்றார். அல்லது ரேம் பழுதாயிற்று என்று கருதிப் புதியது வாங்குகின்றார். வாங்கிப் பொருத்திய பின்னும் குறை அவ்வாறே நிற்கின்றது. பள்ளிப் பணம் வீணாகின்றது. நல்ல கணினியும் மூலையில் கிடக்கின்றது. பல வேளைகளில் இக்குறை ரேமின் பழுதன்று. அதனைச் சுட்டும் முகவரியின் பற்றாக்குறையேயாகும். இதனை அறிந்தோர் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

முகவரி இல்லாத அறை

நினைவகம் என்பது பைட்டுகள் என்னும் சிற்றறைகளின் நீண்ட வரிசை. ஒவ்வோர் அறைக்கும் ஓர் எண் உண்டு, அவ்வெண்ணே முகவரி. மையச் செயலகம் ஓர் அறையில் எழுதுவதாயினும் அதனைப் படிப்பதாயினும், முகவரி கூறியே அழைத்தல் வேண்டும். முகவரி பெறாத அறை இருந்தும் இல்லாததே.

ஒரு தோட்டத்தில் நூறு வீடுகள் உள்ளன என்று கொள்க. எண்கள் இரண்டு இலக்கத்திற்கு மேற்படலாகாது என்பது அங்குள்ள விதி. எனவே 00 முதல் 99 வரை நூறு எண்களே கிடைக்கும். ஆயின் கோயில், கடை, மருந்தகம், அலுவலகம் முதலியவற்றிற்கும் அந்த நூற்றிலிருந்தே இருபது எண்கள் கொடுக்கப்பட்டன எனின், இருபது வீடுகள் எண்ணின்றி நிற்கும். சுவர் இடியவில்லை, கூரை ஒழுகவில்லை. ஆயினும் தபால்காரர் அவ்வீடுகளுக்குக் கடிதம் கொண்டு செல்ல வழியில்லை.

32 பிட் கணினியின் நிலையும் இதுவே. ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1 ஆகும். ஆகவே 32 பிட்டுகளால் 4,294,967,296 முகவரிகள் அமையும். இதுவே 4 ஜிகாபைட். வரைகலை அட்டை, வலையமைப்பு அட்டை, பயோஸ் ஆகியனவும் தமக்குரிய எண்களை இவ்வரிசையின் மேற்பகுதியிலிருந்தே பெறுகின்றன. அவை பெற்றது போக எஞ்சியதே ரேமுக்கு உரியது. கருவிகள் மிகுதியான இடம் கேட்குமாயின், பயன்படும் ரேம் மேலும் குறையும்.

பழைய சிக்கலே

இது இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1978-இல் இன்டெல் வெளியிட்ட 8086 செயலகம், 20 பிட் முகவரியால் 1 மெகாபைட்டை மட்டுமே சுட்ட வல்லது. அக்குடும்பத்தைச் சேர்ந்த 8088-ஐக் கொண்டு 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில், அந்த 1024 கிலோபைட்டில் 640 கிலோபைட் நிரல்களுக்கு விடப்பட்டது. எஞ்சிய 384 கிலோபைட் திரைக்கும் பிற கருவிகளுக்கும் ஒதுக்கப்பட்டது. 2003-இல் ஏஎம்டி நிறுவனம் ஆப்டெரான் செயலகத்தை வெளியிட்டு, இக்குடும்பத்தை 64 பிட்டிற்கு உயர்த்தியது. எண்ணுக்கு இருந்த பஞ்சம் அதனால் நீங்கிற்று.

எனினும் செயலகம் மட்டும் உயர்ந்தால் போதாது. இயங்குதளமும் தாய்ப்பலகையும் உடன் உயர்தல் வேண்டும். இரண்டு இலக்கமே அறிந்த தபால்காரரிடம் மூன்று இலக்க எண்ணைத் தந்து யாது பயன்? 2005-இல் இன்டெல் வெளியிட்ட 945 வகைச் சிப்செட், 4 ஜிகாபைட்டிற்கு மேற்பட்ட முகவரியை அறியாதது. அதனைக் கொண்ட தாய்ப்பலகையில் 64 பிட் இயங்குதளத்தை நிறுவினாலும், மறைந்த பகுதி வெளிப்படாது.

ஆராயும் ஒழுங்கு

முதலில், கணினி தொடங்கும்பொழுது பயோஸ் பக்கத்தைத் திறந்து, ரேமின் அளவைக் காண்க. அங்கே முழு அளவு தோன்றினால், குறை பெரும்பாலும் இயங்குதளத்திலோ அமைப்பிலோ உள்ளது. அங்கேயே குறைந்து தோன்றினால், ரேம் தகட்டையோ செருகுவாயையோ தாய்ப்பலகையின் எல்லையையோ ஐயுறல் வேண்டும்.

இரண்டாவதாக, இயங்குதளம் 32 பிட்டா 64 பிட்டா என்று பார்க்க. 32 பிட் எனின், செயலகமும் தாய்ப்பலகையும் இடங்கொடுக்குமாயின், 64 பிட்டை நிறுவலே தீர்வு. பழையதன்மேல் அதனை ஏற்றுதல் இயலாது. புதிதாகவே நிறுவ வேண்டும். ஆதலின் மாணவர் கோப்புகளை முன்னரே படியெடுத்து வைத்தல் கடமை.

மூன்றாவதாக, பதிப்பின் எல்லையை அறிக. விண்டோஸ் 7-இன் 64 பிட் பதிப்புகளுள் ஹோம் பேசிக் 8 ஜிகாபைட்டையும், ஹோம் பிரீமியம் 16 ஜிகாபைட்டையும் மட்டுமே ஏற்கும்.

நான்காவதாக, விண்டோஸில் ‘எம்எஸ்கான்பிக்’ என்னும் கருவியைத் திறந்து, ‘பூட்’ பக்கத்தின் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதியைக் காண்க. அங்கே ‘மேக்ஸிமம் மெமரி’ என்பதற்குக் குறியிடப்பட்டிருந்தால், அதனை நீக்கிக் கணினியை மீண்டும் தொடங்குக. முன்பு எவரோ வேகம் கூடும் என்று எண்ணி இட்ட குறி, ரேமைப் பூட்டி வைத்திருத்தல் கூடும்.

ஐந்தாவதாக, பயோஸில் ‘மெமரி ரீமேப்’ என்னும் அமைப்பு இருப்பின் இயக்குக. எண்ணிழந்த அறைகளுக்கு 4 ஜிகாபைட்டிற்கு மேல் புதிய எண் தருவது அதுவே. இது 64 பிட் இயங்குதளத்திற்கே பயன்படும்.

இறுதியாகவே ரேமைத் தொடுதல் வேண்டும். மின்கம்பியைக் கழற்றி, கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் தேங்கிய மின்னூட்டத்தைப் போக்கிய பின், தகட்டை எடுத்து மீண்டும் உறுதியாகச் செருகுக. ஒவ்வொரு தகடாக, ஒவ்வொரு செருகுவாயில் இட்டுச் சோதித்தால் பழுது எதனுடையது என்று தெளியும். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக், மெம்டெஸ்ட்86 ஆகிய சோதனை நிரல்களும் துணைபுரியும்.

குறையல்லாத குறை

தனி வரைகலை அட்டை இல்லாத கணினி, திரையின் தேவைக்கு ரேமிலிருந்தே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ‘டாஸ்க் மேனேஜர்’ அதனை ‘ஹார்டுவேர் ரிசர்வ்டு’ என்று காட்டும். அப்பங்கு வீணாகவில்லை, வேறு பணியில் உள்ளது. ஒரு சிறு அளவு குறைந்து தோன்றுவது கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

பள்ளிக்குப் புதிய ரேம் வாங்குமுன் தாய்ப்பலகை எவ்வளவு ஏற்கும், இயங்குதளம் எவ்வளவு ஏற்கும் என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை காணல் வேண்டும். இவ்விரண்டும் அறியாமல் வாங்கிய ரேம், எண்ணில்லா வீடு போல் பெட்டிக்குள்ளே வாளா கிடக்கும்.