எழுத்தா, நோக்கமா? ஒரு மந்திர விளையாட்டும் ருவன்வெல்ல வழக்கும்

விதி எழுதியவர் நினைத்தது ஒன்று, எழுத்தில் நிற்பது வேறொன்று என்றால் எதைப் பின்பற்றுவது? மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லி ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் இது தீராத வாக்குவாதம். 1974இல் அமெரிக்காவில் வெளியான இந்த விளையாட்டில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் எழுதப்பட்ட விதி உண்டு.

2014ஆம் ஆண்டுப் பதிப்பில் ஓர் உதாரணம். கண்ணுக்குத் தெரியாதவரைத் தாக்குபவர், இருபது முகத் தாயக்கட்டையை இருமுறை உருட்டிக் குறைந்த எண்ணையே எடுக்க வேண்டும். அப்படி மறைந்திருப்பவரைக் காண ஒரு மந்திரமும் உண்டு. அதை ஓதியவருக்கும் இந்தப் பாதகம் தொடருமா? அவர்தான் பார்க்கிறாரே, தொடராது என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் பாதகம் தனி வரியாக எழுதப்பட்டிருந்தது. பார்க்க முடிந்தால் நீங்கும் என்று எங்கும் இல்லை. எழுத்துப்படி தொடரும். முடிவு ஆட்டத்தை நடத்துபவரின் கையில். 2024 பதிப்பு அந்த வரியையே திருத்தியது: பார்க்கக்கூடியவரிடம் மறைவின் பயன் செல்லாது.

விளையாட்டில் போவது ஓர் ஆட்டம். சப்ரகமுவவில் இதே கேள்வி எழுந்தபோது போனது வாக்குரிமை.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், வம்சாவளியாகப் பிரஜை ஆவதற்குத் தந்தையோ முன்னோரோ இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்றது. 1949ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பிரஜைகளுக்கு மட்டுமாக்கியது. கேகாலை மாவட்டத்தின் ருவன்வெல்ல தொகுதியில், இந்திய வம்சாவளித் தமிழரான கோடகன் பிள்ளை தன் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கக் கோரினார். மற்றச் சமூகங்களுக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்துக்கு மட்டும் விதிக்கக்கூடாது என்ற சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவே வழக்கின் ஆதாரம்.

சட்டத்தின் வரிகளில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. அதன் சுமை யார் தலையில் விழுந்தது என்பது தோட்டங்களில் எல்லோருக்கும் தெரியும். 1951இல் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1953இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதிசெய்தது. மறைமுகமாகப் பாகுபாடு காட்டும் சட்டமும் செல்லாமல் போகலாம் என்று ஏற்றுக்கொண்டே, இது பிரஜாவுரிமை பற்றிய சட்டம்தான் என்று முடித்தது.

விளையாட்டின் வரி பத்து ஆண்டுகளில் திருத்தப்பட்டது. நாடற்றவராக எஞ்சியிருந்த மலையக மக்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டமோ 2003 வரை வந்துகொண்டிருந்தது. வரியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர், அது யாரை என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும். பார்க்காமல் விடுவதும் ஒரு தீர்ப்புத்தான்.