லூரா பீலுட்: கூலிக்காரர் குடியானவரான கதை



பால்மரத்தை நட்டவர்கள் நாம். வளர்த்தவர்களும் வெட்டியவர்களும் நாமே. ஆனால் அந்த மரம் நமக்குச் சொந்தமாக இருந்ததில்லை. குடியிருந்த லயத்து வீடும் நம்முடையதன்று. வேலை போனால் வீடும் போய்விடும் என்ற அச்சத்தோடுதான் நம் பெற்றோர் காலம் தள்ளினார்கள். தாம் வெட்டும் மரத்துக்குத் தாமே சொந்தக்காரர் ஆகிய ஒரு சிற்றூர் மக்களைப் பற்றி இன்று தெரிந்துகொள்வோம்.

பகாங் மாநிலத்தின் பெந்தோங் மாவட்டத்தில் இருக்கிறது லூரா பீலுட். 'லூரா' என்ற மலாய்ச் சொல்லுக்குப் பள்ளத்தாக்கு என்பது பொருள். நிலமற்ற ஏழைகளுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்துவதற்காக, 1956ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் 'பெல்டா' எனப்படும் நில மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. அது 1958இல் தொடங்கிய குடியேற்றந்தான் லூரா பீலுட். பெல்டா ஊர்களில் பெரும்பாலானவை மலாய்க் குடும்பங்களே வாழும் ஊர்கள். இங்கோ மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவினத்தாரும் குடியேறினார்கள். இங்கே ஒரு தமிழ்ப்பள்ளியும் உண்டு.

குடும்பம் ஒன்றுக்குச் சுமார் பத்து ஏக்கர் நிலமும், வீட்டுக்குக் கால் ஏக்கர் மனையும் கொடுப்பது அக்காலத்துப் பெல்டா முறை. "பத்து ஏக்கர் இனாமா!" என்று நமக்குத் தோன்றும். இனாம் அன்று, நேயர்களே. காடு அழித்த செலவு, கன்று, உரம், வீடு எல்லாம் கடனாக எழுதப்பட்டன. ரப்பர் மரம் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை அடுப்பெரிய மாதப்படி கொடுத்தார்கள். அதுவும் கடனில் சேர்ந்தது. மரம் பால் கொடுக்கத் தொடங்கியபின், சுமார் பதினைந்து ஆண்டுகள் மாதந்தோறும் வருமானத்தில் பிடித்துக் கடனை அடைத்தார்கள். அதன் பிறகே நிலப்பட்டா.

தோட்டத்து வாழ்க்கைக்கும் இந்த வாழ்க்கைக்கும் என்ன வேறுபாடு? தோட்டத்தில் பட்டையை ஆழமாக வெட்டினால் கங்காணி ஏசுவார். இங்கே ஏசக் கங்காணி இல்லை. ஆனால் காயம்பட்டது சொந்த மரம். ரப்பர் விலை விழுந்தால் தோட்டத்தில் துரைக்கு நட்டம், இங்கே நட்டம் நம் சட்டியிலே தெரியும். மரம் முதிர்ந்தால் மறுநடவு செய்யவேண்டும். மீண்டும் சில ஆண்டுகள் வருமானம் இல்லை. பல பெல்டா ஊர்களில் மறுநடவின்போது ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆகவே, நல்ல விலை கிடைத்த காலத்தில் சேமித்து வைத்த குடும்பமே கெட்ட காலத்தில் தலைநிமிர்ந்து நின்றது.

அப்படியானால் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் ஏன் அங்கே போகவில்லை? காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை நாம் மறக்கக்கூடாது. விண்ணப்பம் செய்பவர் நாட்டின் குடிமகனாக இருக்கவேண்டும் என்பது விதி. 1957இல் நாடு விடுதலை பெற்ற பிறகும், தோட்டங்களில் பலர் குடியுரிமைக்குப் பதியாமலே இருந்துவிட்டார்கள். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்ற சட்டம் 1969இல் நடப்புக்கு வந்தபோது, அவர்களுக்கு நிலம் கிடைக்காதது மட்டுமா? இருந்த வேலையும் பலருக்குப் போயிற்று. ஒரு காகிதம் இல்லாமற் போனதால் வந்த துன்பம் இது.

இன்னொரு செய்தி நம் தாய்மார்களுக்கு. 1960ஆம் ஆண்டின் குழுக் குடியேற்ற நிலச் சட்டப்படி, அந்த நிலத்தைத் துண்டு போட்டுப் பங்கு பிரிக்க முடியாது. பிள்ளைகள் பலர் இருந்தாலும் நிலம் சிதறக்கூடாது என்பது நோக்கம். பட்டாவில் ஒருவர் பெயர்தான் இருந்தது. பெரும்பாலும் அது கணவர் பெயர். விடியுமுன்னே கூடவே காட்டுக்குப் போய் மரம் வெட்டிய மனைவியின் பெயர் அதில் இல்லை. 2002இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் மனைவியும் கூட்டு உரிமையாளராகப் பதிந்துகொள்ள வழி பிறந்தது. எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று, பாருங்கள்!

1990ஆம் ஆண்டு முதல் பெல்டா புதிய குடியேறிகளைச் சேர்ப்பதில்லை. அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. ஆனாலும் லூரா பீலுட் நமக்குக் கற்றுக்கொடுக்கும் பாடம் இருக்கிறது. வீடோ மனையோ சிறு நிலமோ வாங்கும்போது, எவ்வளவு கடன், எத்தனை ஆண்டு, யார் பெயரில் பட்டா என்று கேட்டறிந்த பின்பே கையெழுத்திடுவோம். கணவன், மனைவி இருவர் பெயரையும் பதிவோம். பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு முதலியவற்றைத் தகரப்பெட்டியில் பத்திரமாக வைப்போம். பிள்ளைக்குப் பத்திரம் எடுக்காத குடும்பம் பக்கத்து வீட்டில் இருந்தால், நாளைக்கே அவர்களோடு பதிவு அலுவலகத்துக்குத் துணையாகப் போய்வருவோம்.