ஐயம் கொள்ளும் மனமும் இறைவனும்

நாம் காண்பதெல்லாம் கனவாக இருந்தால்? சிறுவயதில் நம்மில் பலருக்கும் ஒருமுறையாவது இக்கேள்வி எழுந்திருக்கும். பிரான்சு நாட்டு மெய்யியலாளர் ரெனே தெக்கார்த் இதை விளையாட்டாக விட்டுவிடவில்லை. இயேசு சபையினரின் கல்லூரியில் பயின்ற அவர், 1641ஆம் ஆண்டு வெளியிட்ட 'தியானங்கள்' என்னும் நூலில், ஐயத்திற்கு இடம் தரும் அனைத்தையும் ஒதுக்கி வைக்கிறார். கண் ஏமாற்றலாம். ஆற்றல்மிக்க தீய ஆவி ஒன்று கணக்கில்கூட நம்மை ஏமாற்றலாம். ஆனால் ஏமாறுவதற்காவது நாம் இருந்தாக வேண்டும் அல்லவா? ஆகவே, சிந்திக்கும் மனம் இருக்கிறது என்பது உறுதி.

இதையே புனித அகுஸ்தினார் ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருந்தார். சிக்கல் இனிமேல்தான். என் மனம் இருக்கிறது, சரி. அதற்கு வெளியே உலகமும் அயலாரும் இருப்பது எப்படி உறுதியாகும்?

இங்கேதான் தெக்கார்த் இறைவனை நாடுகிறார். ஐயம் கொள்கிற நான் குறையுள்ளவன். ஆயினும் நிறைவே உருவான ஒருவரைப் பற்றிய எண்ணம் என்னுள் இருக்கிறது. குறையுள்ள நான் அதை உருவாக்கியிருக்க முடியாது; அந்த நிறைவானவரே தந்திருக்க வேண்டும். அவர் ஏமாற்றுபவர் அல்லர். எனவே நாம் தெளிவாகக் காண்பதை நம்பலாம்.

அந்நூலிலேயே அச்சான மறுப்புரைகளில், அந்துவான் அர்னோ என்ற இறையியலாளர் அகுஸ்தினாரை நினைவூட்டிப் பாராட்டுகிறார். கூடவே ஓர் ஓட்டையையும் காட்டுகிறார். இறைவன் இருப்பதால் தெளிவானதை நம்புகிறோம். இறைவன் இருக்கிறார் என்பதையோ, அது தெளிவாகத் தெரிவதால் நம்புகிறோம்! சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வெளியே நின்று பூட்டிய கதைதான். இப்போது நேரில் தெளிவாகக் காண்பதற்கு உத்தரவாதம் வேண்டாம், முன்பு கண்டதாக நினைவில் இருப்பதற்கே வேண்டும் என்று தெக்கார்த் விடையளித்தார். உண்மையைச் சொன்னால், அவ்விடை நமக்கு முழு நிறைவு தரவில்லை.

புனித தோமா அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே வேறு வழியில் சென்றவர். இறைவனைப் பற்றிய எண்ணத்திலிருந்தே அவர் இருப்பை நிறுவ முயன்ற புனித அன்செல்மின் வாதத்தை அவர் ஏற்கவில்லை. இறைவனின் இயல்பு நமக்கு நேரடியாகத் தெரியாதே! ஆகையால் அவர் வெளியிலிருந்து தொடங்குகிறார்: பொருள்கள் அசைகின்றன, தோன்றுகின்றன, அழிகின்றன, இவற்றுக்கெல்லாம் முதற்காரணர் யார்? மனம்கூடத் தன்னைத் தனியே அறிவதில்லை என்பது அவர் கருத்து. மரத்தையோ அடுத்தவரின் முகத்தையோ அறியும்போதுதான், அறிகிற தன்னையும் அது கண்டுகொள்கிறது.