பேத்திக்கு ஒரு பெயர்



ஒரு சொல்லைத் தேர்ந்து, அதன் பொருளையும் ஓசையையும் எடைபோட்டு, அது எழுபது எண்பது ஆண்டுகள் மனிதர் வாயில் நிலைக்க வேண்டுமே என்று கவலைப்படும் வேலை கவிஞர்களுக்கு மாத்திரம் உரியதன்று. பிள்ளை பிறந்த ஒவ்வொரு வீட்டிலும் அது நடைபெறுகிறது. ஆகவே, கிறிஸ்தவப் பெண் குழந்தைக்குப் பெயர் தேடும் விடயத்தை இந்த இலக்கியத் தொடரில் எடுத்துக்கொள்வது பொருத்தமானதே.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எங்கள் வீட்டில் அண்மையில் ஒரு பேத்தி பிறந்தாள். நாங்கள் கத்தோலிக்கர். மருமகன் வீட்டார் மெதடிஸ்த திருச்சபையினர். எங்கள் பக்கத்தார் புனிதை ஒருவரின் பெயர் வேண்டும் என்றனர். அவர்கள் பக்கத்தார் வேதாகமத்தில் உள்ள பெயர் வேண்டும் என்றனர். கனடாவிலிருக்கும் மகன், வெள்ளைக்காரர் வாயிலும் நுழைய வேண்டும் என்று தொலைபேசியிற் சொன்னான். மகளோ, "அப்பா, வகுப்பிலை ஒரே பெயரிலை நாலு பேர் இருக்கக் கூடாது. ஆனால் கேட்கிற ஆக்கள் சிரிக்கவும் கூடாது" என்றாள்.

இன்னொன்றும் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், காலமாகிவிட்ட என் மனைவியின் நினைவு அந்தப் பெயரில் இருக்க வேண்டும் என்று எல்லோரும் விரும்பினர். அவர் பெயர் பிலோமினா. ஆனால் எங்கள் பரம்பரையில் ஏற்கெனவே நான்கு பிலோமினாக்கள் இருக்கின்றனர்.

பிலோமினா என்ற பெயருக்கே ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. 1802 ஆம் ஆண்டு உரோமாபுரியின் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் ஓர் இளம்பெண்ணின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. அதை மூடியிருந்த மூன்று சுட்ட ஓடுகளில் எழுத்துக்கள் இருந்தன. இருந்த வரிசையிற் படித்தால் பொருள் வரவில்லை. முதல் ஓட்டைக் கடைசிக்கு மாற்றிப் படித்தபோது 'உனக்குச் சமாதானம், பிலுமேனா' என்று வந்தது. அவ்வளவுதான் ஆதாரம். அந்தப் பெயர் உலகமெங்கும் பரவியது. 1961 இல் திருச்சபை தன் திருவழிபாட்டு நாட்காட்டியிலிருந்து அவரது திருநாளை நீக்கிவிட்டது. அதற்காக எங்கள் ஊர்ப் பிலோமினாக்கள் எவரும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

எங்கள் முன்னோர் எப்படிப் பெயர் வைத்தனர் என்பதைச் சற்றுப் பார்ப்போம். போர்த்துக்கேயர் வழியாகவும் பின்வந்த குருமார் வழியாகவும் கிடைத்த புனிதர் பெயர்களை அவர்கள் தமிழ் நாவுக்கேற்ப வனைந்துகொண்டனர். இஞ்ஞாசியார் இன்னாசித்தம்பி ஆனார். சவேரியார் சவிரிமுத்து ஆனார். பெண்களில் மதலேனம்மா, லூர்தம்மா, அமலோற்பவம், செபமாலை என்ற பெயர்கள் வழங்கின. கித்தேரியம்மா என்ற பெயரும் உண்டு. போர்த்துக்கல், ஸ்பெயின் நாடுகளில் வணங்கப்பட்ட கித்தேரியா என்ற வேதசாட்சியின் பெயர் அது. வீரமாமுனிவர் அவரைப் பற்றிக் 'கித்தேரியம்மாள் அம்மானை' என்றொரு நூலே இயற்றினார். அம்மானை பெண்கள் ஆடிப்பாடும் விளையாட்டிலிருந்து வந்த வடிவம். அந்நியப் பெயரொன்று ஊர்ப் பெயராக மாறுவதற்கு இதைவிட நல்ல வழி ஏது?

அதே வீரமாமுனிவர் தேம்பாவணியில் வேறொரு வழியைக் கையாண்டார். பெயரின் ஓசையை விட்டுப் பொருளைத் தமிழாக்கினார். யோசேப்பு என்றால் எபிரேய மொழியிற் பெருகச் செய்தல் என்ற பொருள். அவரை 'வளன்' என்றார். யோவான் என்றால் கடவுள் கருணை கூர்ந்தார் என்ற பொருள். அவரைக் 'கருணையன்' என்றார். ஓசையை மாற்றி அழைப்பது, பொருளை மொழிபெயர்ப்பது என்ற இந்த இரண்டு வழிகளும் இன்றும் நம்முன் இருக்கின்றன.

திருச்சபைச் சட்டம் என்ன சொல்கிறது? 1917 ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 761 ஆம் இலக்கம், ஞானஸ்நானம் பெறுபவருக்குக் கிறிஸ்தவப் பெயர் சூட்டப்படும்படி பங்குத்தந்தை பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. பெற்றோர் இணங்காவிட்டால், அவர்கள் வைத்த பெயரோடு புனிதர் ஒருவரின் பெயரையும் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும். பழைய ஆட்கள் பலருக்கு வீட்டில் ஒரு பெயரும் கோவிற் புத்தகத்தில் வேறு பெயரும் இருப்பதற்கு இது ஒரு காரணம். 1983 ஆம் ஆண்டின் புதிய தொகுப்பு இதைத் தளர்த்தியது. கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயரை வைக்காதீர்கள் என்று மாத்திரமே அதன் 855 ஆம் இலக்கம் சொல்கிறது. ஆகவே அருள்மலர் என்றோ நேசம் என்றோ வைப்பதற்கு இன்று தடையேதும் இல்லை.

மகன் 'பிரான்சினா' என்ற பெயரைச் சொன்னான். அது நம் ஊர்க் கல்லிலேயே பொறிக்கப்பட்ட பெயர். பிரெட்ரிக் கோட்டைக்குள், கோணேசர் ஆலயம் அமைந்த சுவாமி மலையில் ஒரு தூண் நிற்கிறது. பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண்ணின் நினைவாக 1687 ஏப்ரில் 24 இல் நிறுவப்பட்டது என்று அதன் எழுத்துக்கள் கூறுகின்றன. காதலன் தன்னைக் கைவிட்டுக் கப்பலேறியதைக் கண்டு அவள் மலையுச்சியிலிருந்து கடலிற் பாய்ந்தாள் என்பது ஊர்க்கதை. வரலாற்றாசிரியர் அதை ஏற்பதில்லை. அதன் பின்னரும் அவர் உயிரோடிருந்தார் என்பதே அவர்கள் முடிவு. அவரை வளர்த்த தந்தை ஹென்ட்ரிக் வான் ரீட், மலையாளக் கரையின் செடிகொடிகளுக்கு ஊர்மக்கள் வழங்கிய பெயர்களையெல்லாம் திரட்டிப் பன்னிரண்டு பாகங்களில் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்ற நூலை வெளியிட்டவர். பெயர்களைச் சேகரித்த ஒருவரின் மகள் பெயருக்கு இப்படியொரு கதை ஒட்டிக்கொண்டது வேடிக்கைதான். உண்மை எதுவாயினும், திருகோணமலையில் ஒரு பெண்ணைப் பிரான்சினா என்று அழைத்தால் அந்த மலையும் அந்தப் பாய்ச்சலும் கூடவே வரும். மகள் வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

பிறகு வேதாகமத்தைத் திறந்தோம். யோபுவின் கதை முடிவில் அவருக்கு மறுபடி ஏழு புதல்வரும் மூன்று புதல்வியரும் பிறக்கின்றனர். புதல்வர் எவருடைய பெயரும் அங்கே இல்லை. புதல்வியர் மூவரின் பெயர்கள் மாத்திரம் இருக்கின்றன: எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். தந்தை அவர்களுக்கு, சகோதரர் நடுவே சொத்தும் கொடுத்தார். எமீமாள் என்றால் புறா என்பர். கெத்சீயாள் என்பது கறுவாவுக்கு உறவான ஒரு வாசனைப் பட்டை. கறுவாவைத் தேடியல்லவா போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இந்தத் தீவுக்கு வந்தனர்! கேரேனாப்புக் என்பதை நம் மொழியில் மைச்சிமிழ் எனலாம். பொருள் அழகு. ஆனால் அந்த ஓசையைத் தூக்கிக்கொண்டு ஒரு சிறுமி பாடசாலைக்குப் போவது இலேசான காரியமா?

அப்போஸ்தலர் நடபடிகளில் ரோதை என்றொரு பணிப்பெண் வருகிறாள். சிறையிலிருந்து தப்பிவந்த பேதுரு கதவைத் தட்டுகிறார். அவர் குரலைக் கேட்டு உண்டான மகிழ்ச்சியில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடுகிறாள். கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கு ரோசா என்று பொருள். கோதை போல ஒலிக்கும் இனிய பெயர். ஆனால் ஈழத்துத் தமிழில் 'றோதை' என்றால் சக்கரம், போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். சைக்கிள் கடைக்காரர் முதல் சகமாணவர் வரை அந்தப் பிள்ளையை உருட்டியெடுத்துவிடுவார்கள். ஒரு பெயரை மூலமொழியில் மாத்திரம் நிறுத்துப் பார்த்தாற் போதாது. ஊர்ப் பேச்சிலும் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

அதே நூலின் ஒன்பதாம் அதிகாரத்தை என் சம்பந்தியம்மா எடுத்துக் காட்டினார். யோப்பா ஒரு துறைமுகப் பட்டினம். யோனா தீர்க்கதரிசி கப்பலேறியதும் அங்கிருந்துதான். இன்று தெல் அவீவ் நகரோடு சேர்ந்து யாஃபா எனப்படுகிறது. அங்கே தபீத்தாள் என்றொரு பெண் இருந்தாள். ஏழைகளுக்கு உதவியவள். அவள் நோயுற்று இறந்தபோது பேதுருவை அழைத்து வந்தனர். விதவைகள் எல்லோரும் அழுதுகொண்டு சூழ நின்று, தங்களுக்கு அவள் தைத்துக் கொடுத்த உடுப்புக்களை ஒவ்வொன்றாக அவருக்குக் காட்டினர். பேதுரு மண்டியிட்டுச் செபித்து அவளை உயிர்ப்பித்தார்.

இதை வாசித்ததும் வீட்டில் ஒருவரும் பேசவில்லை. 1990 இல் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த நாட்களில், என் மனைவி எங்கிருந்தோ ஒரு பழைய கைத்தையல் இயந்திரத்தைச் சம்பாதித்துக்கொண்டு, புருஷனை இழந்துவந்த பெண்களுக்கும் அவர்களது பிள்ளைகளுக்கும் சட்டை தைத்துக் கொடுத்தார். நிவாரணமாக வந்த துணி ஒரே நிறம். அதனால் முகாமில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே நிறத்தில் ஓடித்திரிந்தனர். அவருடைய இறுதிச் சடங்கிற்கு வந்தவர்களில் பலர் எங்களுக்கு அறிமுகமே இல்லாத பெண்கள்.

தபீத்தாள் என்பது அரமேயச் சொல். பொருள் மான். கிரேக்கத்தில் அவளுக்குத் தொற்காள் என்று பெயர். அதற்கும் மான் என்பதே பொருள். பாலைநிலத்தில் வாழும், கொம்பு கிளைக்காத மானினம் அது. நம் சங்கப் புலவர் இரலை என்றும் நவ்வி என்றும் பிணை என்றும் மானை வகைபிரித்துப் பாடினர். அவற்றில் இரலைக்கு அது கிட்டியது எனலாம். பிரெட்ரிக் கோட்டை வாசலிலும் கடற்கரையிலும் வீதியிலும் சுற்றித்திரியும் எங்கள் புள்ளிமான்கள் வேறினம். ஆனாலும் துறைமுகமும் மானும் உள்ள ஊரில் பிறந்த பிள்ளைக்கு, துறைமுகத்தில் வாழ்ந்த மான் என்ற பெண்ணின் பெயர் பொருந்தாதா? புனிதை வேண்டும் என்ற எங்கள் பக்கத்தாருக்கும் குறையில்லை. ஒக்டோபர் 25 அவளுடைய நினைவு நாள்.

அடுத்தது எழுத்து. பழைய மொழிபெயர்ப்பில் தபீத்தாள். 1995 இல் வெளிவந்த திருவிவிலியத்தில் தபித்தா. பழைய மொழிபெயர்ப்பாளர், பெண்பெயர் என்பது தெரியும்படி 'ஆள்' என்ற ஈற்றைச் சேர்த்தனர். சாராள், மரியாள் என்பனவும் அவ்வாறே. புதியவர்கள் அதை விட்டனர். எங்கள் மாவட்டத்தில் ஒரு பெயர் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்ற மூன்று எழுத்துக்களிலும் வாழ வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், பரீட்சைச் சான்றிதழில் வேறு விதமாகவும், கடவுச்சீட்டில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்டு, சத்தியக் கடதாசியோடு கந்தோர் கந்தோராக அலைபவர்களை நாம் அறிவோம். யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டியவர்களுக்கு, ஓர் எழுத்துப் பிழை எத்தனை மணித்தியாலம் என்பதும் தெரியும். தபித்தாவில் ஒரு வசதி உண்டு. சொல்லின் நடுவே வரும் பகரம் தமிழில் தானாகவே மெலிந்து ஒலிப்பதால், எழுதியபடி வாசித்தாலே மூலத்தின் ஓசை வந்துவிடுகிறது. கிரந்த எழுத்துத் தேவையில்லை. மூன்று மொழியிலும் எப்படி எழுதுவது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டே மருமகன் பதிவாளரிடம் போனார். பெயர் முடிவாகாதவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை. பிறப்பைப் பதிந்துவிட்டுப் பெயரைப் பின்னர் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு.

கடைசியாக, பிலோமினா என்பதை இரண்டாம் பெயராகச் சேர்ப்பதா என்ற கேள்வி வந்தது. நான் சேர்க்கலாம் என்றேன். சம்பந்தியம்மா என்னைப் பார்த்து, "அண்ணை, அவவின்ர பெயரை வைக்காட்டிலும் அவவின்ர வேலையை இந்தப் பிள்ளைக்குப் பெயரா வைச்சிட்டம். அது காணும்" என்றார். அதன்பின் நான் ஒன்றும் சொல்லவில்லை. பதிவேட்டில் தபித்தா என்று மாத்திரமே இருக்கிறது.

நேயர்களே, அரிய பெயர் வேண்டுமென்று எண்சோதிடரிடம் போய், பொருளில்லாத ஓசைகளை ஒட்டவைத்து வாங்கிவரும் வழக்கம் இன்று எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. அப்படியான பெயரும் அரியதுதான். ஆனால் பிள்ளை வளர்ந்து, 'எனக்கு ஏன் இந்தப் பெயர்?' என்று கேட்கும்போது சொல்வதற்கு ஒன்றும் இராது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் பெயர் எதுவானாலும், அது எந்த மொழிச் சொல், முதலில் அதைத் தாங்கியவர் யார், உங்கள் வீட்டில் யாரை நினைத்து அதை வைத்தீர்கள் என்ற மூன்றையும் நாலு வரியில் எழுதி, வேதப்புத்தகத்தின் முன்பக்கத்தில் வைத்துவிடுங்கள். சொல்லித்தரும் பெரியவர்கள் இல்லாத காலத்திலும் அந்தப் பிள்ளை அதை வாசித்துக்கொள்ளும்.