புற்றுநோய் மருந்தும் பெண்ணின் இதயச் செல்லும்

மார்பகப் புற்றுநோய்க்கு அளிக்கப்படும் கீமோதெரபி மருந்துகளுள் டாக்ஸோரூபிசின் அரை நூற்றாண்டாகப் புழக்கத்தில் இருப்பது. எண்ணற்ற பெண்களின் உயிரைக் காத்தது. 1960களில் இத்தாலியில் ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து பெறப்பட்ட, செந்நிறம் கொண்ட இம்மருந்து, புற்றுச் செல்கள் பெருகுவதைத் தடுப்பதோடு நில்லாமல் சிலருடைய இதயத் தசையையும் பழுதாக்கிவிடுகிறது. உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுத் தரப்படும் இம்மருந்தின் மொத்த அளவு 400 மில்லிகிராமை எட்டும்போது நூற்றில் சுமார் 5 பேருக்கும், 550 மில்லிகிராமை எட்டும்போது சுமார் 26 பேருக்கும் இதயச் செயலிழப்பு, அதாவது உடலுக்கு வேண்டிய இரத்தத்தை இதயம் செலுத்த இயலாத நிலை, ஏற்படக்கூடும் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. ஒரே அளவு மருந்தை ஏற்ற இரு பெண்களில் ஒருவரின் இதயம் தாங்கிக்கொள்ள, மற்றவரின் இதயம் தளர்ந்துபோவது ஏன் என்ற கேள்விக்கு நெடுங்காலம் விடை கிடைக்கவில்லை.

விடை தேடுவதற்கான வழியும் எளிதாக இல்லை. நோயாளியின் இதயத்திலிருந்து தசையை வெட்டியெடுத்து மருந்தைச் சோதிக்க முடியாது. நிமிடத்திற்கு ஐந்நூறு முறைக்கு மேல் துடிக்கும் எலியின் இதயமோ மனித இதயத்தை ஓரளவே ஒத்தது. இவற்றோடு, மருந்தாய்வு பெண்களை ஒதுக்கியே வளர்ந்த வரலாறும் சேர்ந்துகொண்டது. கருவுறும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977இல் அறிவுறுத்தியது. அந்த விதி தளர்வதற்கு 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1997க்குப் பின் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்ட 10 மருந்துகளை அந்நாட்டின் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்து, அவற்றுள் 8 மருந்துகள் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிக ஆபத்து விளைவித்தன என்று 2001இல் தெரிவித்ததில் வியப்பில்லை.

மனித இதயத் தசையைச் சோதனைக்குப் பெற முடியாத முட்டுக்கட்டையை நீக்கியது ஜப்பானிய அறிவியலாளர் ஷின்யா யமனாகாவின் கண்டுபிடிப்பு. உடலின் எந்தத் திசுவாகவும் மாறும் ஆற்றல் கொண்ட தொடக்கநிலைச் செல்களே கருநிலை ஸ்டெம் செல்கள். அவற்றைக் கருவிலிருந்து எடுக்காமல், முதிர்ந்த தோல் செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதைத் தொடக்க நிலைக்கே திருப்பிவிட முடியும் என்று அவர் 2006இல் எலிச் செல்லிலும், 2007இல் மனிதச் செல்லிலும் காட்டி, 2012இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவ்வாறு திருப்பப்பட்ட செல்களுக்கு உரிய வேதிப்பொருள்களை உரிய நாள்களில் மாற்றி மாற்றி அளித்தால் அவை இதயத் தசைச் செல்களாகின்றன. ஏறத்தாழ பத்து நாள்களில், எந்த நரம்பின் தூண்டுதலும் இன்றி, கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் அவை தாமாகவே சுருங்கி விரியத் தொடங்குவதை நுண்ணோக்கியில் காணலாம். இடையில் கலந்துவிட்ட பிற செல்களை அகற்றும் உத்தியும் நயமானது: ஊட்டநீரில் குளுக்கோஸை நிறுத்தி லாக்டேட்டை மட்டும் அளித்தால், அதைக் கொண்டு உயிர்வாழத் தெரிந்த இதயச் செல்கள் தங்க, மற்றவை மடிகின்றன.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜோசப் வூவின் ஆய்வகத்தில் பணியாற்றிய பால் பர்ரிட்ஜ், இம்முறையை டாக்ஸோரூபிசின் புதிரின்மீது செலுத்தினார். மருந்தினால் இதயம் பாதிக்கப்பட்ட மார்பகப் புற்றுநோயாளிகள், அதே மருந்தை ஏற்றும் பாதிக்கப்படாதவர்கள், நோயற்றவர்கள் என மூவகைப் பெண்களின் செல்களிலிருந்து இதயச் செல்களை உருவாக்கி, அனைத்தின்மீதும் மருந்தைச் செலுத்திப் பார்த்தார். 2016இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது: இதயம் பாதிக்கப்பட்ட பெண்களின் செல்களே அதிகம் மடிந்தன, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா அவற்றில்தான் மிகுதியாகச் சீர்குலைந்தது. இந்தச் செல்கள் புதிதாக ஆக்கப்பட்டவை. அப்பெண்களின் உணவு, வயது, இரத்த அழுத்தம் எதுவும் அவற்றைத் தொட்டதில்லை. அப்படியிருந்தும் அதே பலவீனம் வெளிப்பட்டதென்றால், அதன் வேரில் பெரும்பகுதி மரபணுக்களில் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். இந்த ஆய்வின் உண்மையான பெறுமதி இந்த ஒரு முடிவில்தான் உள்ளது.

பின்னர் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற பர்ரிட்ஜ், புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற குழந்தைகளிடம் வேறு ஆய்வாளர்கள் கண்டறிந்திருந்த ஒரு மரபணு மாற்றத்தை எடுத்துக்கொண்டு, கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்த முறையால் அதைச் சரிசெய்தபோது செல்கள் மருந்தைத் தாங்கியதையும், நலமான செல்களில் அதைப் புகுத்தியபோது அவை தளர்ந்ததையும் 2021இல் காட்டினார். மற்றொரு மார்பகப் புற்றுநோய் மருந்தான டிராஸ்டுசுமாப், இதயச் செல்களின் ஆற்றல் உற்பத்தியையே குலைப்பதாக வூவின் குழு 2019இல் கண்டது.

எனினும், கிண்ணத்திலுள்ள செல் முழு இதயம் ஆகாது. அது முதிர்ந்த பெண்ணின் செல்லைவிடக் கருவிலுள்ள சிசுவின் செல்லையே ஒத்திருக்கிறது; மாதவிடாய் நின்றபின் குறையும் ஈஸ்ட்ரோஜனின் விளைவை, அந்த ஹார்மோனைத் தனியே சேர்த்தாலன்றி, அது காட்டாது. பெண்ணின் செல்லிலுள்ள இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் இயல்பாக அடங்கியிருக்கும் ஒன்று, ஸ்டெம் செல்லாக்கி நெடுநாள் வளர்க்கையில் மெல்ல விழித்துக்கொள்வதும் உண்டு என்பதால், பெண்களைப் பற்றிய ஆய்வில் இது கூடுதல் எச்சரிக்கையைக் கோருகிறது.

ஆகவே ஒரு பெண்ணின் செல்லை வளர்த்துப் பார்த்து அவருக்குரிய மருந்தைத் தேர்வது மருத்துவமனையின் அன்றாட வழக்கமாக இன்னும் வரவில்லை. இன்று கைக்கெட்டிய காப்புகளுள் முக்கியமானது, சிகிச்சைக்கு முன்னும் இடையிலும் செய்யப்படும் எக்கோ எனப்படும் இதய ஒலியலைப் பரிசோதனை. சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கடந்திருந்தாலும், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதோ கால் வீங்குவதோ தெரிந்தால், தாம் முன்பு எடுத்துக்கொண்ட கீமோதெரபி மருந்தின் பெயரைப் பெண்கள் தம் மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.