தொட்டு அளக்கும் முனையும் சுழித்திருத்தமும்

பதினோராம் வகுப்பு இயற்பியலில் துல்லியத்தன்மையும் நுட்பமும் ஒன்றல்ல என்று கற்பிக்கிறோம். இலக்குப் பலகையில் அம்பு தைத்த படத்தைக் காட்டிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்த வேறுபாட்டை நம்பியே இயங்கும் ஒரு சிறு கருவி தொழிற்கூடங்களில் உண்டு. சிஎன்சி இயந்திரத்தில், வெட்டும் கருவி இருக்கும் இடத்திலேயே பொருத்தப்படும் தொடு புரோப்தான் அது. தொழிற்கல்விப் பிரிவில் படித்து வெளியேறும் நம் மாணவர்கள் பலர் இதைக் கையாள வேண்டியிருக்கும்.

மேசையில் பொருத்திய உலோகத் துண்டு சற்றே விலகியிருந்தால், துளைகள் எல்லாம் அதே அளவு விலகி விழும். முன்பு டயல் கேஜை வைத்துப் பொறுமையாகச் சரிசெய்தார்கள். இன்று புரோப் துண்டின் இரு பக்கங்களையும் தொடுகிறது. இயந்திரம் நடுப்புள்ளியைக் கணக்கிட்டுத் தன் தொடக்கப்புள்ளியை அங்கே மாற்றிக்கொள்கிறது. வெர்னியர் அளவியில் நாம் செய்யும் சுழித்திருத்தத்தின் அதே கருத்துதான் இது.

கான்கார்டு விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினுக்கான மெல்லிய எரிபொருள் குழாய்களை அளக்க வேண்டியிருந்தது. அழுத்தி அளந்தால் குழாய் வளையும். இதற்குத் தீர்வாகவே ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் மெக்மர்ட்ரி 1970களின் தொடக்கத்தில் இக்கருவியை உருவாக்கினார். உள்ளமைப்பு எளிது. முனையில் செயற்கை மாணிக்கக் குண்டு. மறுமுனையில் 120 பாகை இடைவெளியில் மூன்று தண்டுகள். ஒவ்வொரு தண்டும் இரண்டு உலோகக் குண்டுகளின் இடையே அமர்ந்திருக்கும். ஆக, ஆறு தொடுபுள்ளிகள். அவை வழியே தொடர்சுற்றில் மின்னோட்டம். முனை எதையாவது தொட்டுச் சாய்ந்தால் ஏதோ ஓரிடத்தில் தொடர்பு விடுபடும். அந்த நொடியின் நிலையை இயந்திரம் பதிவுசெய்யும். பிறகு சுருள்வில் முனையைப் பழைய இடத்திலேயே அமர்த்தும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டால் அளவீடுகள் 1 மைக்ரோமீட்டர் அளவிலேயே மாறுபடும்.

ஆனால் இது நுட்பம் மட்டுமே. தொட்டவுடன் சுற்று அறுபடுவதில்லை. தண்டு சிறிது வளைந்த பிறகே அறுபடும். எனவே 50.000 மி.மீ. உள்விட்டம் கொண்ட வளையத்தை 50.012 என்று அது காட்டக்கூடும். ஒவ்வொரு முறையும் அப்படியே காட்டுவதால் 0.012 ஐக் கழித்துவிடலாம். (தண்டுகள் மூன்று என்பதால் திசைக்குத் திசை இந்த வளைவு சற்று மாறும். ஆகவே வளையத்தைப் பல திசைகளில் தொட்டுப் பார்ப்பார்கள்.) மாறாத பிழையைத் திருத்த முடியும், ஒழுங்கற்றுத் தாவும் பிழையை அப்படித் திருத்த முடியாது.

புரோப்பால் தானாகக் கண்டுபிடிக்க முடியாத பிழையும் உண்டு. இயந்திரத்தின் நகர்த்தும் திருகு ஓடி ஓடிச் சூடாகிறது. 500 மி.மீ. எஃகு 10°C கூடுதலாகச் சூடேறினால் சுமார் 0.06 மி.மீ. நீளும். திருகின் சுழற்சியை வைத்தே தூரத்தைக் கணக்கிடும் இயந்திரத்தில், வெட்டியதும் அந்த நீண்ட அளவுகோலால்தான். புரோப் அளப்பதும் அதனால்தான். “சரி” என்றே அது சொல்லும். பத்து முறை அளந்து சராசரி எடுத்தாலும் அதே தவறான விடைதான் வரும். ‘பலமுறை அளந்தால் பிழை நீங்கும்’ என்று எழுதும் மாணவருக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடைக்காது. நீளம் முன்பே தெரிந்த எஃகுக் கட்டை ஒன்றை மேசையிலேயே வைத்து, முதலில் அதை அளந்து, வேறுபாட்டைத் திருத்துவதே வழி.

இதற்கு ஒரு மாதிரியை வகுப்பில் செய்யலாம். நடுவில் துளையிட்ட மரப்பலகையில் வட்டத்தலைத் திருகுகள் ஆறு, இரண்டிரண்டாக. பிளாஸ்டிக் மூடியில் பதித்த மூன்று ஆணிகளை அவற்றின் மேல் அமர்த்தி, ரப்பர் பட்டையால் கீழ்நோக்கி இழுத்துக் கட்ட வேண்டும். மூடியின் நடுவிலிருந்து ஒரு குச்சி துளை வழியே கீழே நீளட்டும். மின்கலம், மின்தடை, எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றைத் தொடராக இணைத்தால், குச்சியைத் தள்ளும்போது விளக்கு அணையும். அளவுகோலை ஒட்டி ஒரு மரக்கட்டையைக் குச்சியை நோக்கி நகர்த்தி, விளக்கு அணையும் அளவீட்டைப் பத்து முறை குறிக்கச் சொல்லுங்கள். கட்டை குச்சியைத் தொட்ட இடத்துக்கும் விளக்கு அணைந்த இடத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதையும் அவர்களே அளக்கட்டும்.